கமாவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்பது

"அப்டேட் முடிஞ்சிருச்சு மேடம், எல்லாம் நல்லா ஓடுது" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பயம் வந்துவிடும். ஓடவில்லை என்று சொன்னால் அவ்வளவு பயப்பட மாட்டேன். ஓடாத கணினி நேர்மையானது. தன்னால் முடியவில்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. ஓடுகிற கணினியைத்தான் பணியில் இருந்த காலம் முழுக்க நான் நம்பாமல் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் நம்பவில்லை. வீட்டில் இருக்கிற ஒரு மடிக்கணினியையே ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன்.

காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, மேசைக்கு அடியில் சிக்கலெடுக்க முடியாத வயர்கள். எனக்கு முன்னால் சிரித்துவிட்டு, பின்னால் 'சந்தேக மேடம்' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க நினைப்பீர்கள். வாங்குங்கள். ஆனால் அதையும் சந்தேகத்தையும் ஒரே கையில் பிடிக்க முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்குச் சொல்ல ஒரு நாள் இருக்கிறது. அது ஒரு சனிக்கிழமை. கிழமை ஏன் முக்கியம் என்பது பிறகு தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகியை எல்லோரும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பியவர். கஞ்சத்தனம் கிடையாது. ஆனால் எதையும் வீணாக்கப் பிடிக்காது. அவருடைய மகன் பிரான்ஸில் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கணினிகளை மாற்றியபோது, நல்ல நிலையில் இருந்த சிலவற்றை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். கீபோர்டில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். எழுத்துகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். வேர்த்த விரல் பட்டு ஸ்டிக்கர் உரிந்தால் மறுபடியும் பிரான்ஸ் எட்டிப்பார்க்கும்.

ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை மெஷினோடு இணைந்த கணினி மிகவும் பழையது. அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றியே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு பிரான்ஸ் கணினியை வைப்பது என்று முசே முடிவெடுத்தார். பழைய ஆய்வக மென்பொருள் புதிய சிஸ்டத்தில் ஒத்துப்போகுமா என்று கேட்டேன். மென்பொருளை விற்ற நிறுவனம் அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றது. புதிய சிஸ்டம் பழைய சிஸ்டம் போலவே பாவனை செய்யுமாம், மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாதாம். அடுத்தவரைப் போல நடிக்கிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. கொஞ்ச நாளைக்குப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவோம், இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா பார்ப்போம் என்றேன்.

முசே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய ஆள் எங்கே என்றார். கடைசியில் பழைய கணினியை மேசைக்கு அடியில் வயரோடு விட்டுவைக்க மட்டும் அனுமதி வாங்கினேன். அதற்கே, வீட்டை விற்றவன் சாவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு திரிவது போல இருக்கிறது என்று கிண்டல் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுவனத்தின் ஆள் வந்து மாற்றினார். திரையில் எல்லாம் பிரெஞ்சில் இருந்ததால் முதல் காரியமாக மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினார். பிறகு மென்பொருளை ஏற்றி, ஒரு மாதிரியை ஓட்டி, திரையில் வந்த எண்ணை முசேயிடம் காட்டினார். முசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் அப்போது மருந்தகத்தில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அந்த ஆள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். எல்லாம் நல்லா ஓடுது என்று என்னிடம் சொன்னதும் முசேதான்.

மறுநாள் காலை முசே என்னை அறைக்குக் கூப்பிட்டார். டியூட்டி டாக்டரும் அங்கே நின்றிருந்தார். மேசையில் நாலைந்து பரிசோதனை ரிப்போர்ட்டுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் அச்சான எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே வேறு எண் எழுதியிருந்தது. அச்சில் 0. பேனாவில் 0.8. அடுத்ததிலும் அச்சில் 0, பேனாவில் 0.7. எல்லாம் ஒரே கையெழுத்து, கோமதியுடையது.

கோமதி எங்கள் ஆய்வக டெக்னீஷியன். நெடுங்காட்டுப் பெண். அப்பா நெல் விவசாயம். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது இவளால்தான். வேலையில் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். சாயங்காலம் நெடுங்காடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் கால் தரையில் நிற்காது.

டாக்டருக்கு விஷயம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இவள் ரத்தத்தை மெஷினில் ஓட்டவே இல்லை, அதனால்தான் கணினி பூஜ்யம் என்று காட்டுகிறது, மாட்டிக்கொள்ளாமல் இருக்க நார்மலான ஒரு எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டாள் என்றார். முசே என்னிடம், கணினியில் பார்த்து எந்த மாதிரி ஓடவில்லை என்பதற்கு ஆதாரம் எடுத்து வாங்க, சாயங்காலத்தோடு அவளை அனுப்பிவிடுகிறேன் என்றார். ஆக, என் சந்தேகப் புத்திக்கு அன்று முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்க அது தேவைப்பட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். பஸ் ஞாபகம் வந்தது. ஆனால் என் சந்தேகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது யாருக்கும் சலுகை காட்டாது. கோமதியைப் பார்த்த அதே கண்ணால் ரிப்போர்ட்டுகளையும் பார்த்தேன். பேனா படாத மற்ற ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வரச் சொல்லிப் பரப்பினேன். கிரியாட்டினின் என்ற வரியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் எண் அது. 1. 1. 2. 1. மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் எண்ணிலும் அப்படித்தான். 1. 3. 1.

ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

மனித உடம்பு இப்படி முழு எண்ணில் நின்று போஸ் கொடுக்காது. அதைவிட முக்கியம், பொய் சொல்கிற மனிதரும் முழு எண்ணில் பொய் சொல்ல மாட்டார். இட்டுக்கட்டுகிறவர்தான் நம்பும்படியாக 1.3, 0.9 என்று புள்ளி வைத்து எழுதுவார். இத்தனை சுத்தமாகப் பொய் சொல்ல மனிதரால் ஆகாது. அதற்கு ஒரு கணினி வேண்டும்.

ஆய்வகத்துக்குப் போனேன். கோமதிக்கு விஷயம் ஏற்கனவே காதில் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருந்தாள், கோபமாகவும் இருந்தாள். எதற்குப் பேனாவால் எழுதினாய் என்று கேட்டேன்.

"பூஜ்யம்னு அடிச்சு வருதுங்க மேடம். உசுரோட ஒக்காந்திருக்க ஆளுக்கு எப்புடி பூஜ்யம் வரும்? மெஷின்ல திரும்பிப் பாத்தேன், 0.8ன்னு இருந்துச்சு. அதத்தான் எழுதுனேன். கம்பெனிக்கும் போன் பண்ணுனேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாங்க."

"சரி. பூஜ்யம் வந்தத திருத்துன. ஒண்ணுன்னு வந்ததெல்லாம்?"

"அது சரியாத்தான வந்துச்சு?"

"சரின்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

அவள் தலையைத் திருப்பி மெஷினைப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. உங்களிடம் இவ்வளவு நீளமாகப் பேசுவதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். பூஜ்யம் கூச்சல் போடும். யார் கண்ணிலும் படும், யாராவது திருத்துவார்கள். ஒன்று அப்படியில்லை. நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சிஸ்டத்தை மாற்றிய பிறகு வருகிற தவறுகளில், பார்த்தவுடன் தவறு என்று தெரிவதை நீங்கள் தேடவே வேண்டாம், அது தானாக உங்களிடம் வந்து சேரும். சரி மாதிரியே இருக்கிற தவறைத்தான் தேட வேண்டும்.

ஒன்று என்று வந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு இப்போது என்ன வைத்தியம் நடக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அலுத்துக்கொண்டேதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பெயரில் நின்றார். கிளிஞ்சல்மேட்டுக்காரர், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், இரண்டு நாளாக வயிற்று வலி. கும்பகோணத்துக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பியிருந்தார்கள். நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்தி எடுக்கிற ஸ்கேன். அந்த மருந்து சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஏற்கனவே பழுதானவர்களுக்கு அதை இன்னும் கெடுத்துவிடக்கூடும். கிரியாட்டினின் 1 என்று இருந்ததால் தைரியமாக அனுப்பியிருந்தார்கள். கார் கிளம்பி ரொம்ப நேரமாகிவிட்டது.

கோமதியிடம் அவருடைய ரத்த மாதிரியைத் திரும்ப ஓட்டச் சொன்னேன். மெஷின் தன்னைத் தானே சுத்தம் செய்கிற கழுவலில் இருந்தது, அது தொடங்கினால் அதற்கு முன் வந்த எண்கள் திரையிலிருந்து போய்விடும். அது முடிந்து, சூடாகி, ஓட வேண்டும். அதுவரை காரைப் போகவிடுவதா என்பதுதான் கேள்வி.

ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. காரை நிறுத்தச் சொல்லலாம் என்றேன். முசேக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, உங்க சந்தேகத்துக்காக நோயாளிய நடுரோட்டுல நிறுத்தச் சொல்றீங்களா? கையில என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. சில முழு எண்கள் இருந்தன, ஒரு கெட்ட புத்தி இருந்தது. நான் நினைத்தது தப்பு என்றால் என் மானம் போகும், வலியில் துடிக்கும் மனிதருக்கு வைத்தியம் தாமதமாகும், ஆஸ்பத்திரி பெயர் கிளிஞ்சல்மேடு முழுக்க நாறும். சரி என்றால், ஆதாரத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மருந்து உடம்பில் ஏறிவிடும். இந்தத் தராசில் எடை பார்க்க எனக்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை. ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, நிறுத்திய காரைத் திரும்ப ஓட்ட முடியும். டாக்டரைப் பார்த்தேன். அவர் முசேயைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நீங்க போன் போடுங்க மேடம், நான் பக்கத்துல நிக்கிறேன் என்றார். தைரியத்தில் அதுவும் ஒரு வகைதான்.

டிரைவர் எடுக்கவில்லை. ரிசப்ஷனில் கொடுத்திருந்த எண்ணில் நோயாளியின் மனைவி எடுத்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், நாங்கள் சொல்லும்வரை ஸ்கேனுக்குப் போக வேண்டாம், ரிப்போர்ட்டில் ஒரு எண் சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர் பாக்குறவங்க."

பக்கத்தில் கணவர் வலியில் முனகுவது கேட்டது.

"கம்ப்யூட்டர் பாக்குறவங்க சொல்லி நான் எம் புருசன ஸ்கேன் எடுக்காம வச்சிருக்கணுமா? காலையில சரின்னு சொல்லித்தான அனுப்புனீங்க. அப்ப யாரு பொய் சொன்னா?"

நியாயமான கேள்வி. அதே கேள்விக்குத்தான் நானும் பதில் தேடிக்கொண்டிருந்தேன். யார் என்று தெரியவில்லை, அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றேன். டாக்டர் போனை வாங்கி, காரை ஓரமாக நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்க நிறுத்துறது, நவுறவே முடியல. திருநள்ளாத்துல நிக்கிறோம். சனிக்கெழம கூட்டம்."

எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி. ஆனால் அன்று ஊரெல்லாம் பயப்படுகிற ஒருவர் எங்கள் காரைப் பிடித்து வைத்திருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கழுவல் முடிந்து மாதிரி ஓடியது. மெஷினின் சின்னத் திரையில் எண் வந்தது, 1.9. கோமதி என்னைப் பார்த்தாள். பக்கத்து அறையில் பிரிண்டர் ரிப்போர்ட்டைத் துப்பியது. அதில் 1. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மருந்து போட வேண்டாம், திரும்பி வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் அவர் சொல்வது கதவுக்கு வெளியே கேட்டது.

ஒன்பது எங்கே போனது? மெஷினுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் புதிதாக வந்தது அந்த பிரான்ஸ் கணினிதான். அதன் திரைக்கு மூக்கு படும்படி குனிந்தேன். முசே என் தோளுக்குப் பின்னால் நின்று, இதோ சரியாகத்தானே இருக்கிறது, நேற்றும் நான் இப்படித்தான் பார்த்தேன் என்றார். என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன்.

"அன் விர்கூல் நெஃப்" என்றார், சர்வ சாதாரணமாக.

"முசே, அதையே தமிழ்ல படிங்க."

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஒண்ணு... கமா... ஒம்போது."

பிரான்ஸில் தசம எண்ணுக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா வைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே எழுதிப் பழகிய கண்ணுக்கு அதில் தவறே தெரியாது. வெள்ளிக்கிழமை திரையை நானோ கோமதியோ பார்த்திருந்தால் என்னடா இது என்று கேட்டிருப்போமோ என்னவோ. அந்தச் சின்ன எழுத்தில் கமாவுக்கும் புள்ளிக்கும் ஒரு கொசுக்கால் வித்தியாசம்தான். நிறுவனத்து ஆள் கணினியின் மொழியை மாற்றினார், எண்ணில் புள்ளி வைப்பதா கமா வைப்பதா என்று தீர்மானிக்கிற ஊரை மாற்றவில்லை. அமைப்புகளில் மொழி ஒரு இடத்திலும் ஊர் இன்னொரு இடத்திலும் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அது காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலம் பேசிக்கொண்டு, தான் இன்னும் பிரான்ஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அப்படி நினைக்கும் மனிதர்களும் உண்டு, அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பிரான்ஸ் கணினி அனுப்புவதை வாங்கி ரிப்போர்ட் அச்சடிக்கிற ஆஸ்பத்திரியின் பொதுக் கணினிக்குக் கமா என்றால் ஒரு கட்டம் முடிந்தது, அடுத்தது ஆரம்பம் என்று அர்த்தம். 1 தன் கட்டத்தில் உட்கார்ந்தது. 9 பக்கத்தில் இருந்த 'குறிப்பு' கட்டத்துக்குப் போய்விட்டது. குறிப்பை நாங்கள் அச்சடிப்பதில்லை. திறந்து பார்த்தேன். அன்று காலையிலிருந்து வந்த அத்தனை பேரின் மிச்ச எண்களும் அங்கே வரிசையாகக் காத்திருந்தன, 8, 7, 9, 8. கோமதி பேனாவால் எழுதிய எண்கள் அச்சு அசலாக அவையே. பழைய மென்பொருளும் தவறு செய்யவில்லை, புதிய சிஸ்டமும் தவறு செய்யவில்லை. இரண்டும் அதனதன் ஊர் வழக்கப்படி நடந்துகொண்டன. ஒத்துப்போகிறது என்று எங்களிடம் சொன்னதற்கு அர்த்தம், சண்டை போடாமல் ஓடும் என்பது மட்டும்தான். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேசைக்கு அடியில் இருந்த பழைய கணினியை மறுபடி இணைத்தேன். அந்த ஊர் அமைப்பை நான் அங்கேயே மாற்றியிருக்கலாம், சின்ன வேலைதான். செய்யவில்லை. ஒரு தவறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், இருந்தது இந்த ஒரு தவறுதான் என்று நம்பிவிடுவது எனக்குப் பழக்கமில்லை. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினிதான். வெளித் தொடர்பைத் துண்டித்துவிட்டு அதை ஓட்டினேன். புதியது பக்கத்திலேயே இருந்து, பழையது சொல்கிற எண்ணையே தானும் சொல்கிறது என்று காட்டிய பிறகுதான் அதற்கு வேலை கொடுத்தேன். இந்த முறை முசே ஆள் எங்கே என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் ஆய்வக வாசலில் வந்து நின்றார். நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "கோமதி, நெடுங்காடு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீ கெளம்பும்மா" என்றார்.

"ஒண்ணு வந்ததெல்லாம் இன்னும் திரும்ப ஓட்டி முடிக்கல முசே" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். அன்று பஸ்ஸை விட்டுவிட்டாள். முசே தன் காரிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கிளிஞ்சல்மேட்டுக்காரருக்கு அந்த மருந்து இல்லாமலேயே வேறு வழியில் பரிசோதித்தார்கள். நீர்ச்சத்து ஏற்றி, வலிக்காக அவராகவே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை நிறுத்தி, சிறுநீரகம் தேறிவிட்டது. மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தார் என்று டாக்டர் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கிளிஞ்சல்மேட்டுக்காரரின் மனைவி மறுபரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க வந்தார். கவுண்டரில் இருந்தவர் தாளை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. "புள்ளி இருக்கான்னு அந்தக் கம்ப்யூட்டர் பாக்குறம்மாவ ஒரு தடவ பாத்துத் தரச் சொல்லுங்க" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். 1.1. புள்ளி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. இருக்கும்மா, சரியாக இருக்கிறது என்று விரலை வைத்தே காட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"மெஷினுலயும் இதேதான் இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்று அவர் கோமதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த வாக்கியத்தை வேறு யாரும் சொன்னதில்லை.